மேடைக்குப் போன சட்டை

என் மூத்தவனே,

நீ நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாதவன் இவ்வளவு வீம்பாக எழுத மாட்டான். அதனால் அதை விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் நேற்று உன் ரங்கத்திலிருந்து வரும் போட்டில் வந்து சேர்ந்தது. முதல் பக்கத்தைப் படித்துச் சந்தோஷத்தில் கண் கலங்கி, அடுத்த பக்கத்தைப் படித்துக் கோபத்தில் உட்கார்ந்துவிட்டேன், அடுப்பில் பருப்பு தீய்ந்துபோனது. பஞ்சாயத்து வேலையில் இருப்பவர்களில் நன்றாக உழைத்தவர்கள் என்று தீவு முழுவதிலும் சிலரைப் பொறுக்கியிருக்கிறார்கள், வருகிற ஜனவரி இருபத்தாறாம் தேதி போர்ட் பிளேர் மைதானத்தில் சீஃப் கமிஷனர் கையால் சான்றிதழ் கொடுக்கப் போகிறார்கள், அதில் உன் பேரும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? நான் வரப்போவதில்லை, தபாலில் அனுப்பச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன் என்று வேறு எழுதியிருக்கிறாய்.

அதற்கு நீ இரண்டு காரணம் சொல்கிறாய். இந்த வருஷம் மதராஸிகள் முறை, அதனால்தான் உனக்குக் கிடைத்தது என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்களாம். பல ஊர் ஆட்கள் கலந்து வாழும் இடத்தில் எது யாருக்குக் கிடைத்தாலும் அப்படித்தான் பேசுவார்கள். போன வருஷம் பெங்காலிக்கு, அதற்கு முந்தின வருஷம் மலையாளிக்கு என்று விரல் விட்டு எண்ணுவார்கள். ரேஷன் கடையில் சர்க்கரை வந்தாலும் அதே பேச்சுதான். பேசட்டும். மழையில் பஜார் முழுகி வீட்டுக்கு வீடு மஞ்சள் காமாலை வந்தபோது, ஊர்க் கிணறுகளையெல்லாம் இறைக்க வைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று வாசல் வாசலாகப் போய்த் தொண்டை கட்டும்வரை கத்தினாயே, அதுவும் முறை வைத்தா நடந்தது? இந்தக் காரணத்தை நீயே நம்பவில்லை. அது நீ தேடிப் பிடித்த சாக்கு.

இரண்டாவது காரணம்தான் உண்மையானது. கிணற்றுக்குள் இறங்கியது ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தினக்கூலி ஆட்கள், மேடையில் ஏறுவது மட்டும் நானா என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையெழுத்து உன்னுடையது, பேச்சு அப்படியே உன் அப்பாவுடையது. உன் அப்பாவுக்கும் ஒரு தடவை இதே மைதானத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். அன்று நடந்தது உனக்கு அரைகுறையாக நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடம் சேராத வயது. அந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் உன் அப்பாவைப் பெரிய மனசுக்காரர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் பக்கத்துக் கதையை யாரும் கேட்கவில்லை. நீயாவது கேள்.

நாங்கள் மதராஸில் கப்பலேறி வந்தபோது நீ என் வயிற்றில் இருந்தாய். உன் அப்பாவுக்குத் தண்ணீர்க் குழாய் வேலை கிடைத்தது. மலைமேல் ஒரு டேங்க், அதற்குக் கீழே குழியில் ஒரு வால்வு. இரும்புச் சாவியை மாட்டித் திருகினால் கீழே தெருக்குழாய்களில் தண்ணீர் வரும், நேரம் முடிந்ததும் திருகி மூட வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் அவர் ஒரு காலை போகாவிட்டால் அந்தச் சரிவில் இருக்கிற அத்தனை வீட்டிலும் பானை காலி. மழைக்காலத்தில் ஏறிப்போனால் காலெல்லாம் அட்டை, குழிக்குள் கையை விட்டால் பூரான். அவரோடு அந்த வால்வைப் பார்த்துக்கொண்டது அப்பாராவ், விசாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரர். ஒரு நாள் இவர், ஒரு நாள் அவர். அவர் மனைவி அப்போது ஊரில்தான் இருந்தாள். நம் வீட்டை ஒட்டின அறையில் தனியாகக் கிடப்பார், நம் வீட்டில்தான் பாதிச் சாப்பாடு.

அந்த நாளில் குழாய் ஆட்கள், ரோடு ஆட்கள், குப்பை ஆட்கள் எல்லோரும் தினக்கூலிதான். காலையில் ஷெட் முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். கூலியாட்களைக் கவனிக்கும் மேட் பேரைக் கூப்பிடுவான், இவர்கள் "ஹாஜிர்", வந்திருக்கிறேன் என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பேர் ஹாஜரி. ஒருவன் வர முடியாத நாளில் அவன் கூட்டாளி அவனுக்கும் சேர்த்து ஹாஜிர் சொல்லிவிட்டு, அவன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவான். ஏமாற்று வேலை என்று யாரும் நினைக்கவில்லை. மேட்டுக்கும் தெரியும். சொந்தபந்தம் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க, காய்ச்சலில் விழுந்தவனுக்கு வேறு எந்த வழி இருந்தது, சொல்.

ஒரு மழைக்காலத்தில் உன் அப்பாவுக்கு மலேரியா வந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. பிழைப்பாரா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் தேறும்வரை இரண்டு பேர் முறையையும் அப்பாராவ்தான் பார்த்தார், இரண்டு பேருக்கும் அவரே ஹாஜிர் சொன்னார். ஆனால் அந்த மனுஷனுக்குத் தூக்கம் வந்தால் இடி விழுந்தாலும் எழ மாட்டார். தினமும் இருட்டோடு நான் லாந்தரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, எழுப்பி, கருப்பட்டிக் காப்பி கொடுத்து மலைக்கு அனுப்புவேன். திரும்பி வந்து உன் அப்பாவுக்கு ஈரத்துணி போட்டுவிட்டு, அழுகிற உன்னைத் தூக்குவேன். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

அதற்குப் பிறகு சில வருஷத்தில் உன் அப்பாவை நிரந்தரமாக்கினார்கள். அப்பாராவ் கொஞ்சம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் என்று தினக்கூலியிலேயே நிறுத்தினார்கள். அந்த வருஷம் ஆபீசில் நல்ல உழைப்பாளிகளுக்கு மெரிட் சான்றிதழ் கொடுப்பது என்று முடிவானது. நிரந்தரமானவர்களுக்கு மட்டும்தான். ஓவர்சியர் உன் அப்பா பேரை அனுப்பினார். அனுப்பும்போது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டார். ஹாஜரிப்படி அது உண்மைதானே.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கல்யாணத்தை என் ஊர் பார்த்தது. அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நடந்த எதையும் பார்ப்பதற்கு எனக்கென்று ஒருத்தர் இல்லை. நீ பிறந்தபோது என் அம்மாவுக்குத் தகவல் போய்ச் சேரவே கப்பல் போக வேண்டியிருந்தது. இந்தக் காட்டுச் சரிவில் நாங்கள் பட்ட பாட்டை மைக்கில் ஒருத்தர் சொல்லப் போகிறார், நான் உட்கார்ந்து கேட்கப் போகிறேன் என்று நினைத்தபோதே நெஞ்சு நிறைந்துபோனது. மெயின்லேண்டிலிருந்து வந்த துணியில் வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தேன். கஞ்சி போட்டு, கரிப்பெட்டியில் தேய்த்து, ஆணியில் மாட்டி வைத்தேன். தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்தேன். எதிர்வீட்டு மண்டல் தீதி, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறின அக்கா, என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள்.

அன்று காலை வால்வு முறை அப்பாராவுடையது. உன் அப்பா, "நீங்க முன்னால போயி எடம் புடிங்க, நான் பொறவால வாரேன்" என்று சொன்னார். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, உன்னையும் உன் தங்கையையும் இழுத்துக்கொண்டு, மண்டல் தீதியோடு போய் முன்னால் உட்கார்ந்தேன். அணிவகுப்பு முடிந்தது. பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். உன் அப்பா பேர் வந்தது. "ஏக் தின் பி நாகா நஹி", ஒரு நாள்கூடத் தவறாமல் வேலை பார்த்தவர் என்று மைக்கில் சொன்னார்கள். "ஹாஜிர்!" என்று ஒரு குரல் கேட்டது. மைதானமே சிரித்தது, அங்கே யாரும் ஹாஜிர் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அந்தக் குரல் எனக்குத் தெரியும். நீதான் முதலில் பார்த்தாய். "அம்மா, அப்பா சட்டை!" என்று கத்தினாய். சட்டை உன் அப்பாவுடையது. உள்ளே இருந்தது அப்பாராவ்.

சீஃப் கமிஷனருக்கு என்ன தெரியும்? அவருக்குத் தமிழனும் தெலுங்கனும் மதராஸிதான். கைகுலுக்கி, சான்றிதழையும் ஒரு கம்பளியையும் கொடுத்தார். மண்டல் தீதி என் தோளைப் பிடித்து உலுக்கி, "அரே, யே தும்ஹாரா ஆத்மி நஹி ஹை!" என்று கத்துகிறாள். என் ஆள் இல்லை என்று எனக்குத் தெரியாதா? பின்வரிசைவரைக்கும் தலை திரும்பியது. நான் எழுந்தேன். யாரை மறைக்கிறேன், யார் முறைக்கிறார்கள் என்று பார்க்காமல் உங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு நேரே மலைக்கு நடந்தேன். உன் தங்கை செருப்பு வழியில் எங்கோ விழுந்தது, எடுக்கக்கூட நிற்கவில்லை.

உன் அப்பா வால்வுக் குழி ஓரத்தில் பழைய காக்கியோடு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டார்.

"சட்டையக் குடுத்திட்டியளா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, நீ கோவப்படாம கேளு. ஒரு நா கூட நாகா இல்லன்னு எழுதிட்டான். நான் காய்ச்சல்ல கெடந்தப்ப ஏறி வந்தது யாரு? அவன் இல்லன்னா அந்த வரி ஏது? வாங்க வேண்டியது அவன்தான். தினக்கூலிக்காரன்னு அவன் பேர எவனும் கூப்பிட மாட்டான். அதான் என் பேர்ல ஏறிக்கோன்னு சொன்னேன்."

"அவர எழுப்பி அனுப்பினது யாரு?"

அவர் கீழே கிடந்த பீடியைக் காலால் நசுக்கினார்.

"லாந்தரோட போயி கதவத் தட்டினது யாரு? காப்பி போட்டுக் குடுத்தது யாரு? அவருக்கு உள்ளதக் குடுத்தியளே, எனக்கு உள்ளத யாரக் கேட்டுக் குடுத்திய? நான் மேடை ஏறணும்னா கேட்டேன்? நீங்க ஏறுறதப் பாக்கணும்னுதான கேட்டேன்!"

அவர் வாயைத் திறந்து மூடினார். அதற்குள் தண்ணீர் நிறுத்தும் நேரம் வந்துவிட்டது. சாவியை மாட்டினார். அந்த வால்வு எப்போதும் இறுக்கம், ஒற்றை ஆளாகத் திருகினால் தோள்பட்டை கழன்றுவிடும். நான் போய் மறுபக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தேன். பட்டுச்சேலையோடு, பேசாமல், இரண்டு பேரும் சுற்றி வந்து மூடினோம். அவ்வளவு கோபத்தில் நான் எதையும் திருகியதில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த வால்வைத் திறக்க முடியாமல் இரண்டு ஆண்பிள்ளைகளும் திண்டாடினார்கள் என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் அப்பாராவ் வாசலில் வந்து நின்றார். கையில் சான்றிதழ், தோளில் கம்பளி, உடம்பில் அதே சட்டை. உன் அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருப்பார் போலிருக்கிறது. என்னை அவர் பாபி, அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

"பாபி, கசம் சே, சத்தியமா நான் சும்மா பாக்கப் போனேன். பேர் கூப்பிட்டான். பழக்க தோஷம், வாய் தானா ஹாஜிர் சொல்லிருச்சு."

"அப்ப சட்டையும் தானா மாட்டிக்கிச்சோ?"

அவர் சட்டையைக் குனிந்து பார்த்தார். அந்த முழியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகவே மறுபடியும் கோபம் வந்தது. சான்றிதழை அவர் நீட்டினார், உன் அப்பா வாங்க மாட்டேன் என்றார். கம்பளியை மட்டும் அப்பாராவ் நம் வீட்டுக் கொடியில் போட்டுவிட்டுப் போனார். இந்த ஊர்ப் புழுக்கத்தில் கம்பளி எதற்கு என்று திட்டினேன். பிறகு உனக்கு மலேரியா வந்து குளிரில் உதறினபோது அதைத்தான் போர்த்தினேன், அதனால் கம்பளியைக் குறை சொல்ல மாட்டேன். சான்றிதழ் இன்றைக்கும் பெரார்கஞ்சில் அப்பாராவ் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. நாம் அங்கே போகும்போதெல்லாம் அவர் மனைவி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் நம்மை உட்காரச் சொல்வாள். யாராவது பேர் வேறாக இருக்கிறதே என்று கேட்டால் அப்பாராவ், "அது எங்க ரெண்டு பேர் பேரு" என்பார். நீயும் கேட்டிருக்கிறாய்.

உன் அப்பா செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அப்பாராவின் உழைப்பை அவர் மறக்கவில்லை, அந்தக் குணத்துக்காகத்தான் இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் சண்டை போட்டுக்கொண்டு வாழ்கிறேன். ஆனால் தனக்கு மட்டும் சொந்தமானது என்று நினைத்து ஒன்றைத் தூக்கிக் கொடுத்தாரே, அது அவருக்கு மட்டும் சொந்தமில்லை. மைக்கில் ஒருத்தர் பேரைச் சொல்லும்போது அந்த ஒரு ஆளா அதற்குள் இருக்கிறார்? அவருக்குச் சோறு போட்டவள், சட்டை தேய்த்தவள், அவருக்காக மலை ஏறினவன் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் வராமல் போனால் அவர்கள் காது கேட்டது வீண். எனக்கு அன்று அப்படித்தான் ஆனது. அது இன்னும் ஆறவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வா. நீ வராவிட்டால் ராஞ்சி ஆட்களை மேடையில் ஏற்றிவிடுவார்களா? மாட்டார்கள். உன் பேரை விட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. வீட்டில் இருந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம். கொஞ்சம் கஷ்டமானதைச் செய். உன்னோடு கிணற்றில் இறங்கினவர்களைப் போட்டில் கூட்டிக்கொண்டு வா. அவர்களுக்கு லீவு வாங்கிக்கொடு, கொடுக்க மாட்டேன் என்கிறவனோடு சண்டை போடு. அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் வந்தாலும் வரட்டும், நம் வீட்டில் பாய்க்குப் பஞ்சமில்லை, சோறு நான் ஆக்கிப் போடுகிறேன். மைதானத்தில் என் பக்கத்தில் உட்காரட்டும். மேடையிலிருந்து இறங்கினதும் நேரே அவர்களிடம் வந்து அந்தக் காகிதத்தை அவர்கள் கையில் கொடு. எல்லோரும் தொட்டுப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு யார் வீட்டுச் சுவரில் மாட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்த வருஷம் அந்த ராஞ்சி ஆட்களின் மேஸ்திரி பேரை நீ எழுதி அனுப்பு. தினக்கூலிக்குக் கிடையாது என்பார்கள். ஏன் கிடையாது என்று கேள். சான்றிதழ் வாங்கினவன் கேட்டால் கொஞ்சமாவது காது கொடுப்பார்கள், வாங்காதவன் கேட்டால் பொறாமை என்பார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன், வால்வுக் குழி வந்ததும் கால் கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது. முடித்ததும், "வேற ஏதாவது சொல்லணுமா ஒங்களுக்கு?" என்று கேட்டேன். பிறகு எழுந்து உட்கார்ந்தார், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"வரச் சொல்லு. சட்டைய அவனே போட்டுக்கிட்டு ஏறணும்னு எழுது."

எழுதிவிட்டேன். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். வாழைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கிறது, காலையில்தான் ஊற்றினார். அந்த மலையில் நான் கேட்டதற்கு இன்றைக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார், அதையும் உன் பேரில் சொல்லியிருக்கிறார். எனக்கு எழுத்து மங்கித் தெரிகிறது, இந்த இடத்தில் மை கலங்கியிருந்தால் கண்டுகொள்ளாதே.

துணி வாங்கிவிட்டேன், நாளைக்குத் தைக்கக் கொடுக்கிறேன். உன் மார்பளவு மாறியிருந்தால் அடுத்த போட்டுக்குள் எழுது. உன் பேரைக் கூப்பிட்டதும் ஹாஜிர் என்று உரக்கச் சொல், மைதானம் சிரித்தால் சிரிக்கட்டும். நான் முன்வரிசையில் இருப்பேன். உன் அப்பா என் பக்கத்தில் இருப்பார், நடுவில் எழுந்து எங்கேயும் ஓடிவிடாமல் அவர் கையை நான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

வந்து சேர்.

உன் அம்மா